வாங்காத கடனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41. தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. கணவர் நான்கு விசைத்தறி வைத்து ஓட்டுகிறார். வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போன இடத்தில், மேனேஜர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். இவருடைய பான் எண்ணில் இரண்டு கடன்கள். ஒன்று, ஒரு நிதி நிறுவனம் மொபைல் செயலி வழியாகக் கொடுத்த 85,000 ரூபாய் தனிநபர் கடன். இரண்டு டியூ கட்டியிருக்கிறது, மூன்றாவதிலிருந்து நின்றுபோயிருக்கிறது. இன்னொன்று, பொருளை இப்போது வாங்கிப் பிறகு பணம் கட்டும் வகையில் 9,800 ரூபாய். இரண்டையும் தான் வாங்கவே இல்லை என்கிறார். அடுத்த வாரமே கலெக்‌ஷன் ஏஜென்ட் பள்ளியின் லேண்ட்லைனுக்கு அழைத்து, "உங்க ஸ்டாஃப் கடன் வாங்கிட்டு ஏமாத்துறாங்க" என்று தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறார். உள்ளூர் காவல் நிலையத்தில், "உங்க பணம் எதுவும் போகலையேம்மா, அப்புறம் என்ன புகார்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவர், "உனக்குத் தெரியாம உன் பேர்ல எப்படிக் கடன் வரும்?" என்று கேட்டுவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கொழுந்தனார் சொல்லும் வழி: சின்னக் கடனை இப்போதே கட்டி முடி, பெரியதற்கு செட்டில்மென்ட் பேசு, வீட்டுக் கடன் கிடைத்துவிடும்.

எங்கோ ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த ஆதார் நகல்தான் காரணமாக இருக்கும் என்று தன்னையே நொந்துகொள்கிறார் வாசகி. அவருடைய கேள்விகள்: கொழுந்தனார் சொல்வதுபோலக் கட்டிவிடலாமா? மூன்று நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்கிறார்களே, அது தாண்டிவிட்டதே? பான், ஆதார் எண்களை மாற்ற முடியுமா? கடைசியாக, போகிற போக்கில் ஒன்று: "ஆதாரில் என் பழைய மொபைல் நம்பர்தான் இருக்கிறது. அந்த போனை சிம்மோடு அக்கா பையனிடம் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அவனே ரீசார்ஜ் செய்துகொள்கிறான். அதையும் மாற்ற வேண்டுமா?"

சகோதரி, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அந்தக் கடைசி வரிதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன், வீட்டில் எல்லோரும் சேர்ந்து உங்களைச் செய்யச் சொல்லும் காரியத்தைச் செய்யாமல் நிறுத்த வேண்டும்.

கட்டக் கூடாது. 9,800-ம் கூடாது, அதில் பாதியும் கூடாது, ஏஜென்ட் கேட்கும் "டோக்கன் 500 ரூபாய்" கூடவே கூடாது. நீங்கள் கையெழுத்துப் போடாத கடனுக்கு நீங்கள் பொறுப்பல்ல. நீங்கள்தான் வாங்கினீர்கள் என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்த நிறுவனம். உங்கள் கணக்கிலிருந்து ஒரு தொகை போய்விட்டால், "கடன் தன்னுடையது என்று தெரிந்துதானே கட்டினார்?" என்று அவர்களுடைய வக்கீல் கேட்பார். அந்தக் கேள்விக்கு பதில் சொல்வது கஷ்டம். காலவரையறைச் சட்டத்திலும் இதற்கு ஒரு விளைவு உண்டு: கடனில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, வழக்குப் போட அவர்களுக்குள்ள மூன்று ஆண்டுக் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும்.

செட்டில்மென்டால் சிபில், அதாவது நம் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கை, சுத்தமாகும் என்பதும் தவறான நம்பிக்கை. முழுதாகக் கட்டிய கடன் அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்று வரும். தள்ளுபடி பேசிக் குறைத்துக் கட்டியது 'செட்டில்டு' என்று வரும். அந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகள் பின்வாங்கும். வாங்காத கடனுக்குக் காசும் கொடுத்து, கடனாளி என்ற முத்திரையையும் நீங்களே குத்திக்கொள்வதாக ஆகிவிடும். கொழுந்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வழி உங்களை வீட்டுக் கடனிலிருந்து இன்னும் தூரம் கொண்டுபோகும்.

மூன்று நாள் கெடு பற்றிய பயமும் வேண்டாம். அது 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்களைச் சேராது என்பதற்கானது. உங்கள் விஷயம் வேறு வகை. உங்கள் அடையாளத்தைப் போட்டுக்கொண்டு இன்னொருவர் ஒரு நிறுவனத்தை ஏமாற்றியிருக்கிறார். இதற்கு அந்தக் கெடு கிடையாது. அதற்காக ஆறப்போடவும் கூடாது. நாள் ஆக ஆக, செயலி நிறுவனத்திடம் உள்ள பதிவுகளைத் தேடி எடுப்பது கடினமாகும்.

இந்தக் கடனின் சாயல்

எனக்கு வரும் இப்படிப்பட்ட கோப்புகளில் முதலில் பார்ப்பது, கடன் எப்படி நடந்துகொண்டது என்பதைத்தான். தொழிலாகவே இதைச் செய்யும் மோசடிக் கும்பல் பணம் கைக்கு வந்ததும் மறைந்துவிடும். டியூ கட்டி நல்ல பெயர் வாங்குவதில் அவர்களுக்குப் பெரும்பாலும் அக்கறை இல்லை. உங்கள் பெயரிலுள்ள கடனில் இரண்டு டியூ ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது. கட்ட நினைத்து, பிறகு முடியாமல் போன ஒருவரின் நடத்தையாக இது எனக்குத் தோன்றுகிறது. ஏஜென்ட் உங்கள் செல்போனுக்கு வராமல் பள்ளி லேண்ட்லைனுக்கு வந்ததும் கவனிக்க வேண்டியது. விண்ணப்பத்தில் வேலை செய்யும் இடம் என்று யாரோ அந்த நம்பரைக் கொடுத்திருக்கலாம். ஜெராக்ஸ் கடையில் உங்கள் ஆதாரைப் பொறுக்கியவருக்கு நீங்கள் எந்தப் பள்ளியில் வேலை செய்கிறீர்கள் என்று எப்படித் தெரியும்? ஏஜென்ட்களே தேடிக் கண்டுபிடிப்பதும் உண்டு, அதனால் இதை முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் உங்களை அறிந்த ஒருவர் என்ற சாத்தியத்தை மனதில் வைத்துத்தான் அடுத்த ஒவ்வொரு அடியையும் எடுக்க வேண்டும்.

இங்கேதான் அந்தப் பழைய சிம் வருகிறது. ஆதார் எண் ஒருவருக்குத் தெரிந்தால் மட்டும் பெரிதாக எதுவும் நடந்துவிடாது. அந்த எண்ணோடு ஓ.டி.பி.யும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். உங்கள் ஆதாரின் ஓ.டி.பி. மூன்று வருஷமாக இன்னொருவர் கையிலிருக்கும் போனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சிபில் அறிக்கை எடுக்கப்பட்டால் வரும் எச்சரிக்கை எஸ்.எம்.எஸ்.கூட அங்கேயே போயிருக்கலாம். அறிக்கையில் உங்கள் பெயருக்குக் கீழே தொலைபேசி எண்கள், மெயில் முகவரிகள் என்று ஒரு பகுதி இருக்கும். எந்த நிறுவனம் எந்தத் தேதியில் உங்களைப் பற்றி விசாரித்தது என்பது கடைசிப் பக்கங்களில் இருக்கும். மேனேஜர் காட்டியது அந்த இரண்டு கடன்களை மட்டும்தான். முழு அறிக்கையை நீங்களே எடுத்து, அந்த இரண்டு பகுதிகளையும் பேனாவால் குறித்துப் படியுங்கள். பழைய எண் அங்கே இருக்கிறதா, அதோடு உங்களுக்குத் தெரியாத மெயில் ஐ.டி. ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

உங்கள் அக்கா மகனை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அந்த போன் அவனிடமிருந்து நண்பனுக்குப் போயிருக்கலாம். அவன் ஏதாவது கடன் செயலியை இறக்கி, அது மெசேஜ்களைப் படிக்க அனுமதி கொடுத்திருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன்: ஆவணங்கள் கைக்கு வரும்வரை அவனிடமோ அக்காவிடமோ இதைப் பேசாதீர்கள். அவன் நிரபராதி என்றால், ஒரு சந்தேகச் சொல் இரண்டு குடும்பத்தைப் பிரித்துவிடும். இல்லையென்றால், போனிலுள்ளதெல்லாம் அன்றிரவே அழிந்துவிடும்.

நிதி நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

செயலியின் பெயர் முக்கியமல்ல. அதன் பின்னால் பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் சிபில் அறிக்கையில் இருக்கும். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர் அலுவலரின் மெயில் முகவரி போட்டிருப்பார்கள். அந்த முகவரிக்கு மெயிலும், ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு கடிதமும் அனுப்புங்கள். "இந்தக் கடனை நான் விண்ணப்பிக்கவில்லை, பெறவில்லை, ஒப்புக்கொள்ளவில்லை" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். "தயவுசெய்து தள்ளுபடி செய்யவும்" என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது. இருக்கிற கடனைத்தான் தள்ளுபடி செய்ய முடியும். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

பணம் எந்த வங்கிக் கணக்கில் போடப்பட்டது, அந்தக் கணக்கில் என்ன பெயர்? ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள்படி, கடன் தொகை கடன் வாங்குபவரின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும், சில விதிவிலக்குகள் தவிர. உங்கள் பெயரில் இல்லாத கணக்குக்குப் போயிருந்தால் தவறு அவர்களுடையது. உங்கள் பெயரிலேயே ஒரு கணக்கு இருந்து, அதை நீங்கள் திறக்கவில்லை என்றால், விஷயம் இன்னும் பெரியது.

கே.ஒய்.சி., அதாவது கடன் கேட்பவர் யார் என்ற சரிபார்ப்பு, எப்படி நடந்தது? பல வக்கீல்களே கவனிக்காமல் விடும் கேள்வி இது. ஆளை நேரில் பார்க்காமல் ஆதார் ஓ.டி.பி. மட்டும் வைத்துக் கொடுக்கும் கடன், ஓர் ஆண்டில் மொத்தம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் பெயரில் போனது 85,000. அப்படியானால் வீடியோ கே.ஒய்.சி. போன்ற வேறு ஒரு சரிபார்ப்பு நடந்திருக்க வேண்டும், அல்லது நிறுவனம் விதியை மீறியிருக்க வேண்டும். வீடியோ எடுத்திருந்தால் அந்தப் பதிவை அவர்கள் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். அதில் இருப்பது யாருடைய முகம்? "அந்தப் பதிவைக் காட்டுங்கள்" என்ற ஒரு வரி, பத்துப் பக்கப் புலம்பலைவிட வேலை செய்யும்.

முதல் இரண்டு டியூ எந்தக் கணக்கிலிருந்து, எந்த யு.பி.ஐ. ஐ.டி.யிலிருந்து வந்தது? விண்ணப்பம் எந்த மொபைல் எண்ணில், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு? ஒப்பந்தத்தின் நகலும் வேண்டும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டால், "ரகசியத் தகவல், போலீஸ் கேட்டால்தான் தருவோம்" என்பார்கள். உங்கள் பெயரில் உள்ள கடன் உங்களிடம் ரகசியமா? இதையே எழுதி அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள். மிகச் சிறிய நிதி நிறுவனங்கள் சில இந்தத் திட்டத்துக்குள் வராது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே கடிதத்தில் ஏஜென்ட் விஷயத்தையும் தனிப் பத்தியாக எழுதுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. அவமானப்படுத்தவோ, குடும்பத்தினர், தெரிந்தவர்கள் வாழ்க்கையில் நுழையவோ கூடாது. இது ரிசர்வ் வங்கி 2022-ல் தெளிவாகவே சொன்னது. ஏஜென்ட் செய்ததற்கு நிறுவனமே பொறுப்பு. பள்ளிக்கு அழைப்பு வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றைத் தலைமையாசிரியையிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். "நாளைக்கு அரெஸ்ட்" என்று யாராவது மிரட்டினால் பதற வேண்டாம். கடன் கட்டாதது சிவில் விவகாரம். அதற்காக ஏஜென்ட் சொல்லி யாரையும் கைது செய்ய முடியாது.

சிபில் பக்கம்

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நிதி நிறுவனங்கள் நான்குக்கும் தகவல் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். நான்கையும் எடுங்கள், ஒன்றில் இல்லாத மூன்றாவது கடன் இன்னொன்றில் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் அழிக்காது, அதனால்தான் முந்தைய கடிதம் அவசியம். புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்கவில்லையென்றால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. தொகை சின்னதுதான். ஆனால் கோப்பை மேசையின் அடியிலிருந்து மேலே கொண்டுவர அது உதவுகிறது.

இதற்கிடையில் வீட்டுக் கடனுக்கு வேறு வேறு வங்கியாக ஏறி இறங்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரை இன்னும் இறக்கும். ஆட்சேப எண்ணையும் போலீஸ் புகார் நகலையும் அதே மேனேஜரிடம் கொடுத்து, கோப்பை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். "5,000 கொடுங்கள், சிபிலைத் தூக்கிக் காட்டுகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களிடம் ஜாக்கிரதை. பான், ஆதார், ஓ.டி.பி. மூன்றையும் அவர்களும் கேட்பார்கள்.

காவல் நிலையம்

பணம் போகவில்லை என்பதால் குற்றமில்லை என்று ஆகாது. இன்னொருவரின் அடையாள விவரத்தை மோசடியாகப் பயன்படுத்துவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66-டி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் ஆள்மாறாட்ட மோசடிப் பிரிவு 319-ம் சேரும். 66-சி வழக்கை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அதனால் நேராக மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

போவதற்கு முன் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து, அந்த எண்ணைப் புகாரில் எழுதுங்கள். 1930 என்ற எண் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும்போது அதைத் தடுத்து நிறுத்தத்தான் மிகவும் பயன்படும். உங்கள் விஷயத்தில் எழுத்துப் புகாரே முக்கியம். நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள், ஆனால் அதோடு நின்றுவிடவும் வேண்டாம், எஃப்.ஐ.ஆர். வேண்டும். மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-ன்படி புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கேயும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

புகாரை அடையாளம் தெரியாத நபர் மீதே கொடுங்கள். ஆனால் பழைய சிம் பற்றிய உண்மையை மறைக்காதீர்கள். "என் பெயரில் உள்ள இந்த எண்ணை மூன்று ஆண்டாக என் உறவினர் பயன்படுத்திவருகிறார்" என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும். அக்காவைக் காப்பாற்ற நினைத்து, "அந்த எண் யாரிடம் இருக்கிறதென்று தெரியாது" என்று எழுதினீர்களென்றால், அழைப்புப் பதிவைப் பார்க்கும் முதல் நாளே அந்தப் பொய் வெளிவரும். பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கணக்கு விவரம் வந்து, அது அவனாகவே இருந்துவிட்டால்? நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் இதைப் படிக்கும்போது அந்த பயம் வரும். இரண்டு வழிகள் இருக்கின்றன. வழக்கை அதன் போக்கில் விடலாம். 66-சி, 66-டி இரண்டும் ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றங்கள்தான், பையனை உடனே சிறைக்குள் தள்ளிவிட மாட்டார்கள். அல்லது, அவனே தன் கணக்கிலிருந்து முழுத் தொகையையும் கட்டி, கடனை வாங்கியது தான்தான் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, உங்கள் பெயரிலான பதிவை நீக்கவைக்கலாம். இதில் ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 77-ஏ பிரிவு, பெண்ணுக்கு எதிராக நடந்த குற்றத்தை நீதிமன்றம் சமரசத்தில் முடிக்க அனுமதிப்பதில்லை. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு, "குடும்பத்துக்குள் பேசி முடித்துவிட்டோம், வாபஸ்" என்று சொன்னால் அந்தப் பிரிவுகள் விலகாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்டுத்தான் போக வேண்டியிருக்கும். இதைச் சொல்வது உங்களைப் புகார் கொடுக்காமல் தடுக்க அல்ல. புகார் இல்லாமல் நிறுவனம் உங்களை நம்பாது என்பதும் நிஜம். என் யோசனை: நிறுவனத்துக்கான கடிதமும் சைபர் தளப் பதிவும் இந்த வாரமே போகட்டும். நிலையத்தில் எழுத்துப் புகாரும் தாமதிக்க வேண்டாம். குடும்பப் பேச்சு மட்டும் ஆவணம் வந்த பிறகு.

எதைப் பூட்ட முடியும், எதை முடியாது

ஆதார் எண் மாறாது. பான் அட்டையைப் புதிதாக வாங்கலாம், எண் அதேதான் இருக்கும். இரண்டாவது பான் வாங்கினால் 10,000 ரூபாய் அபராதம். பான் எண் ஒரு ரகசியமும் அல்ல. உங்கள் கணவரின் தறிக்கு ஜி.எஸ்.டி. எண் இருந்தால், பில் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 15 எழுத்து எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்தும் அவருடைய பான். ஒவ்வொரு பில்லிலும் அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். 2023-ல் டெல்லி போலீஸ் பிடித்த ஒரு கும்பல், தோனி, அபிஷேக் பச்சன் போன்றவர்களின் பான் விவரத்தை ஜி.எஸ்.டி. எண்ணிலிருந்துதான் எடுத்து, அவர்கள் பெயரில் கிரெடிட் கார்டு வாங்கியது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு ஜெராக்ஸுக்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. எண்ணை மறைப்பதைவிட, ஓ.டி.பி. போய்ச்சேரும் இடத்தைக் காப்பதுதான் காரியம்.

ஆகவே முதல் வேலை, ஆதார் சேவை மையத்துக்கோ தபால் நிலையத்துக்கோ நேரில் போய், இப்போது உங்கள் கையில் இருக்கும் எண்ணை ஆதாரில் பதிவது. அடுத்து, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்று பாருங்கள். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே "இது என்னுடையதல்ல" என்று குறிக்கலாம். பழைய எண் உங்கள் பெயரில்தான் இருக்கும், அதை அப்படிக் குறிக்காதீர்கள். போன் கம்பெனி கடைக்கு அடையாள அட்டையோடு போய் டூப்ளிகேட் சிம் வாங்கினால், அவன் போனிலுள்ள சிம் செத்துவிடும். எண் உங்கள் கைக்கு வந்துவிடும். ஆனால் அன்றைக்கே அவனுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்பதால், போலீஸ் புகார் கொடுத்த மறுநாள் செய்யுங்கள். வங்கி, கேஸ், மெயில் என்று அந்த எண் எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் மாற்றும்வரை அதை ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். கைவிட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

ஆதார் தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முந்தையது அதில் வராது. இருப்பதை இன்றே சேமியுங்கள். அதே தளத்தில் கைரேகையைப் பூட்டி வையுங்கள், ஆனால் பூட்டிவிட்டால் முழுப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அது ஓ.டி.பி.யைத் தடுக்காது. வருமான வரித் தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத வங்கி ஏதாவது உங்களுக்கு வட்டி கொடுத்ததாக ஒரு வரி இருந்தால், நான் மேலே சொன்ன 'உங்கள் பெயரிலேயே இன்னொரு கணக்கு' அங்கேதான் வெளிப்படும்.

ஜெராக்ஸ் கடை விஷயத்தில் ஒன்று மட்டும். நகல் எடுத்த தாளைவிட, கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு நீங்கள் அனுப்பிய ஆதார் பி.டி.எஃப். தான் ஆபத்து. அது அவர் போனில் கிடக்கும். பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். அந்த பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான். முதல் எட்டு எண் மறைத்த ஆதாரை இறக்கி, அதையே கொடுத்துப் பழகுங்கள். பெரும்பாலான இடங்களுக்கு அது போதும்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: ஐயா, "தெரியாமல் எப்படி வரும்?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. பதில், மேலே சொன்ன பழைய சிம்மில் இருக்கலாம். தபால் அனுப்ப அவர் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.

கடைசியாக ஒன்று. இப்படிப்பட்ட நிறுவனங்கள் நடுவர் முன் விசாரணை என்றோ, லோக் அதாலத் என்றோ நோட்டீஸ் அனுப்புவது வழக்கம். நடுவர் நோட்டீஸ் டெல்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ, சில சமயம் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ மட்டும் வரும். "நான் வாங்கவே இல்லையே" என்று தூக்கிப் போட்டுவிட்டால், உங்களைக் கேட்காமலே உத்தரவு வந்துவிடும். தேதிக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நான்கு கடன் அறிக்கைகள், தபால் ஒப்புகை, சைபர் தளப் பதிவு எண், சி.எஸ்.ஆர். ரசீது, தலைமையாசிரியையின் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து எடுத்துப் போங்கள்.